மதகு இருக்கு மாப்ள, கரையை வெட்டாதே

வா மாப்ள, உக்காரு. அந்தக் கம்ப்யூட்டரை மடியிலயே வச்சுக்க. திண்ணையில வச்சா கோழி ஏறி மிதிக்கும். மிதிச்சா அதுவும் நாலு வரி நிரல் எழுதிடும். அது உன்னோடதைவிட நல்லா ஓடிடுமோன்னு எனக்கு ஒரு பயம்.

உங்க அம்மா நேத்து போன் பண்ணா. "அண்ணே, தம்பி ஏதோ ஹூக்கு எழுதி விக்கிப்பீடியாவுல மாட்டியிருக்கானாமே"ன்னா. அவளுக்குத் தெரிஞ்ச ஹூக்கு ரவிக்கையில வைக்கிறது. அண்ணாமலை நகர்ல ஹாஸ்டல் சோறு தின்னு இன்ஜினியரிங் படிச்ச புள்ள தையல் கடைக்குப் போயிட்டானோன்னு கவலை. "அது இல்லம்மா, தமிழ் விக்கிப்பீடியாவுல கட்டுரை எழுதுற பெட்டி இருக்குல்ல, அதுல இவன் சொந்தமா ரெண்டு பொத்தான் சேர்த்திருக்கான்"னு எடுத்துச் சொன்னேன். "பொத்தானா? ஹூக்குன்னாங்களே?"ன்னு கேட்டா. அதோட விட்டுட்டேன்.

ஆனா உன்னை விடுறதா இல்லை. அந்தப் பெட்டியில எழுதுறவன் நான். ஓய்வு வாங்கினதுல இருந்து காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாய்க்கால், ஓடை, ஊருன்னு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு வர்றேன். "மாமா, இதை உங்க காமன்.ஜேஎஸ் பக்கத்துல ஒட்டிக்குங்க, வேலை சுலபமாயிடும்"னு ஒரு ஸ்கிரிப்ட் குடுத்தே. ஒட்டினேன். சுலபமாத்தான் ஆச்சு. எழுதுற வேலையே இல்லாமப் போச்சு.

நீ கோவிச்சுக்கக் கூடாது. நான் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்தவன். வீராணம் ஏரிக்கரையில மதகு திறக்கிறதும் மூடுறதும்தான் எனக்குத் தெரிஞ்ச தொழில். உன் ஹூக்கு எனக்கு உடனே புரிஞ்சதுக்குக் காரணம் அதுதான். ஏரியை வெட்டினது பத்தாம் நூற்றாண்டுல. பராந்தக சோழன் மகன் இராஜாதித்தன் படையை வச்சு வெட்டினான்னு சொல்லுவாங்க. வெட்டினவனுக்குக் கரைக்குக் கீழே எவன் வயல் எங்கே வரும்னு தெரியுமா? தெரியாது. அதனால கரை நெடுகக் கண்ணு வச்சுட்டுப் போனான். கல்கி எண்ணி எழுதினது 74. உன் வயலுக்குத் தண்ணி வேணுமா, அந்தக் கண்ணுகிட்ட வா, உன் வாய்க்காலை அங்க சேரு. கரை அவனோடது, வாய்க்கால் உன்னோடது. அந்தப் பெட்டியை எழுதின ஆளுங்களும் அதைத்தான் செஞ்சிருக்காங்க. "இந்த இடத்துல பக்கம் தயாராகும், இந்த இடத்துல தொகுக்கிற படிவம் வரும், இந்த இடத்துல சேமிச்சு முடியும், உனக்கு ஏதாவது செய்யணும்னா அந்த நேரத்துல உன்னைக் கூப்பிடுறேன், பேரைக் குடுத்துட்டுப் போ"ங்கிறாங்க. மீடியாவிக்கியில அதுக்கு எம்டபிள்யூ.ஹூக்னு பேரு, 2013-ல வந்துச்சு. பார்த்தியா, கிழவன் படிச்சிருக்கேன்.

அதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க தெரியுமா? கரையை வெட்டினாங்க. பக்கத்துல எந்தப் பெட்டிக்கு என்ன அடையாளம்னு தேடிப் பிடிச்சு அதுல நேரா கையை விடுறது. இல்லைன்னா உள்ளே இருக்கிற வேலைக்காரனைத் தூக்கிட்டு அதே பேர்ல தன் ஆளை உக்கார வைக்கிறது. ஓடும். கொஞ்ச நாளு ஜோரா ஓடும். 2010-ல விக்கிப்பீடியா பழைய மோனோபுக் தோலை உரிச்சுட்டு வெக்டரைப் போட்டுக்கிச்சு பாரு, அன்னைக்கு அந்த மாதிரி வெட்டு வச்சிருந்தவனெல்லாம் வறண்டு போனான். பெட்டி இருந்த இடத்துல பெட்டி இல்லை. மதகு வழியா வந்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே எதை மாத்தினாலும் மதகை அவங்களே பார்த்துக்குவாங்க.

உன் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். முதல் வரி மதகு. இரண்டாம் வரியில இருந்து கடப்பாறை.

சரி, மதகு வரிக்கே வர்றேன். 'விக்கிபேஜ்.கன்டென்ட்'ங்கிற ஹூக்குல உன் பேரைக் குடுத்திருக்கே, நல்லது. அது எப்போ கூப்பிடும்? பக்கம் வந்ததும் ஒரு தடவை. அதோட நிக்குமா? பக்கத்தை மறுபடி ஏத்தாமலே முன்தோற்றம் பார்க்கிற வசதியை நான் போட்டு வச்சிருக்கேன். ஒவ்வொரு முன்தோற்றத்துக்கும் அது மறுபடி கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம் நீ ஒரு பொத்தானைச் சொருகுறே. வெள்ளியங்கால் ஓடை பத்தி நாலு வரி எழுதி முடிக்கிறதுக்குள்ள என் பெட்டி மேல ஒன்பது பொத்தான், ஒரே பேர்ல. எதை அமுக்கினா எது வேலை செய்யும்னு தெரியாம ஒன்பதையும் அமுக்கினேன், அதே வார்ப்புரு ஒன்பது தடவை விழுந்துச்சு. கூப்பிட்டதும் ஓடி வர்றது நல்ல புள்ளைக்கு அழகுதான். ஏற்கெனவே வந்துட்டோமான்னு ஒரு தடவை பார்க்கிறது புத்தி இருக்கிற புள்ளைக்கு அழகு.

அந்த ஹூக்குல ஒரு நல்ல குணம் இருக்கு, அதை நீ கவனிக்கவே இல்லை. நம்ம ஏரியில முறை தவறி வந்தவனுக்குத் தண்ணி இல்லை. அடுத்த முறை வரைக்கும் வாயைப் பார்க்க வேண்டியதுதான். எம்டபிள்யூ.ஹூக்கு அப்படி இல்லை. நீ தாமதமா வந்து பேரைக் குடுத்தாலும், கடைசியா திறந்துவிட்டது என்னன்னு ஞாபகம் வச்சிருந்து அதை உனக்கும் உடனே குடுத்துடும். இது தெரியாம நீ 'ரெண்டு வினாடி பொறு, அப்புறம் ஓடு'ன்னு ஒரு கடிகாரம் வச்சிருக்கே. எங்க ஊரு இணையத்துல ரெண்டு வினாடிங்கிறது நல்ல நாளு. மழை நாள்ல பக்கம் வர்றதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சு, டம்ளரைக் கழுவியும் வச்சிடுவேன். உன் கடிகாரம் அடிச்சு ஓஞ்சு போயிருக்கும்.

இதெல்லாம் சின்ன விஷயம், போனாப் போகுது. இப்போதான் பெரிய கேஸுக்கு வர்றேன். நீ சிதம்பரத்துலதானே குடியிருக்கே? மேலவீதியிலதானே? உன் ஸ்கிரிப்டை மாட்டின நாள்ல இருந்து என்னால 'சிதம்பரம்'னு அடிக்க முடியலை.

சிரிக்காதே. நான் தமிழ்99 ஆளு. 1999-ல சென்னையில தமிழ்நெட்99 மாநாடு வச்சு, அரசாங்கமே இதுதான் தரம்னு சொன்ன விசைப்பலகை. அதுல 'ச' எங்க இருக்கு? நீ பார்த்திருக்க மாட்டே, உனக்கு இங்கிலீஷ் எழுத்துல 'அம்மா' அடிச்சுத்தானே பழக்கம். 'ச' இருக்கிறது சதுர அடைப்புக்குறி விசையில. பக்கத்து விசையில 'ஞ'. நீ என்ன பண்ணியிருக்கே? விக்கியில இணைப்புக்கு ரெட்டைச் சதுர அடைப்புக்குறி போடணும்ல, அதுக்காக அடைப்புக்குறி விசையை அமுக்கினதுமே மூடுற குறியையும் நீயே போட்டுடுறே. கீடவுன் நிகழ்வுல உக்காந்துக்கிட்டு, 'எழுத்து' வர்றதுக்கு முன்னாடியே விசையைப் பிடுங்கிடுறே. நான் 'ச' கேட்டா நீ அடைப்புக்குறி குடுக்கிறே, அதுவும் ஜோடியா. நடராஜர் ஊரை அடிக்கப் போய் ரெண்டு பக்கமும் கதவு சாத்தின காலி வீடு வந்து நிக்குது.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். 'சிதம்பரம்' வேணாம், 'தில்லை'ன்னு போட்டுக்கலாம், பழைய பேருதான். ரெண்டாவது வசதி ஒண்ணு வச்சிருக்கே பாரு, சாய்வுக்கோடு தட்டினா வார்ப்புருப் பட்டியல் கீழ விழுற மாதிரி. இப்போ வர்ற எடிட்டர் எல்லாத்துலயும் அது இருக்குன்னு பார்த்து ஆசைப்பட்டிருக்கே. தமிழ்99-ல சாய்வுக்கோடு விசையில என்ன இருக்கு தெரியுமா? 'ழ'. தமிழுக்கே சிறப்புன்னு மேடையில எல்லாரும் நாக்கை மடிச்சு மடிச்சுச் சொல்லுற அதே 'ழ'. நான் கீழணையைப் பத்தி எழுத உக்காந்தேன். ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல கட்டினது, அங்க இருந்து வடவாறு வழியாத்தான் வீராணத்துக்குத் தண்ணி. 'கீ' வந்துச்சு. 'ழ' அமுக்கினேன். 'தகவற்சட்டம் வேண்டுமா? மேற்கோள் வேண்டுமா? குறுங்கட்டுரை வேண்டுமா?'ன்னு பட்டியல் விழுந்துச்சு. எனக்கு அணை வேணும்டா! 'தமிழ்'னு ஒரு சொல்லைத் தமிழ் விக்கிப்பீடியாவுல, தமிழ்நாட்டு அரசு விசைப்பலகையில அடிக்க முடியாதபடி ஒரு தமிழ்ப் புள்ள ஸ்கிரிப்ட் எழுதியிருக்கான்னா, அதுக்கு நம்ம வம்சத்துலதான் பொறக்கணும்.

"மாமா, நான் டெஸ்ட் பண்ணேனே"ம்பே. உன் விசைப்பலகையில பண்ணினே. அந்தப் பெட்டியில தமிழ் எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணியிருக்கணும். ஒரு காலத்துல எ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்கிட்டுத்தான் தமிழ் அடிக்கணும். 2011-ல 'நாராயம்'னு ஒரு நீட்சி விக்கிப்பீடியாவுக்குள்ளயே வந்துச்சு. 2013-ல அது போயி ஜேக்வெரி.ஐஎம்இ வந்துச்சு. எழுத்துப்பெயர்ப்பு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பாமினின்னு நாலு மதகையும் ஒரே இடத்துல வச்சுக் குடுத்தாங்க. கன்ட்ரோலோட 'எம்' அமுக்கினா தமிழ், மறுபடி அமுக்கினா இங்கிலீஷ். அதுவும் உன்னை மாதிரியே ஒரு ஹூக்குக்காரன்தான். விசை அமுங்குற நேரத்துல நின்னு, கர்சருக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு மூணு எழுத்தையும் இப்போ வந்த விசையையும் சேர்த்து விதிப்பட்டியல்ல தேடி, அதைத் தூக்கிட்டுத் தமிழைப் போடும். உனக்கு மேல்மடைக்காரன் அவன். நீ அவனுக்கும் மேலே போய் மண்மூட்டை போட்டு அடைச்சுக்கிட்டு, "தண்ணி எனக்கு மட்டும்தான்"ங்கிறே.

இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு. சில பேரு தமிழ்99-ஐ விண்டோஸ்லயே போட்டு வச்சிருப்பாங்க. அவங்க 'ச' அமுக்கினா, நிகழ்வுல எழுத்து 'ச'ன்னு வரும், ஆனா விசை எதுன்னு கேட்டா அடைப்புக்குறி இருக்கிற இடத்தைத்தான் காட்டும். எழுத்தைப் பார்த்தா அவங்க பிழைச்சாங்க, என்னை மாதிரி பக்கத்துக்குள்ள இருக்கிற கருவியில அடிக்கிறவன் செத்தான். விசை இடத்தைப் பார்த்தா ரெண்டு பேருமே காலி. அப்போ என்ன பண்ணணும்? விசையில நிக்காதே. தள்ளி நில்லு. எழுத்து பெட்டியில வந்து விழுந்த பிறகு, 'இன்புட்' நிகழ்வுல நின்னு பாரு. கர்சருக்கு முன்னாடி நிஜமாவே அடைப்புக்குறி நிக்குதா? நின்னா மூடு. 'ச' நிக்குதா? கும்பிட்டுட்டுப் போ.

அடுத்தது உன் கணக்கு. வரி நீளமாப் போனா எச்சரிக்கை குடுக்கிறே, சரி. 'சிதம்பரம்' எத்தனை எழுத்துடா? சி, த, ம், ப, ர, ம். ஆறு. ஒண்ணாங்கிளாஸ் புள்ளை சொல்லும். உன் ஸ்கிரிப்டு ஒன்பதுங்குது. கொக்கி தனி, புள்ளி தனின்னு யூனிகோடு பிரிச்சு வச்சிருக்கிறதை அப்படியே எண்ணிட்டே. தமிழ்99-ல அதையே எட்டு விசையில அடிச்சிடுவேன் நான். 'ம'வுக்கு அப்புறம் 'ப' வந்தா நடுவுல புள்ளியை அதுவே வச்சுக்கும், அந்த மரியாதை தெரிஞ்ச விசைப்பலகை. ஆக ஒரே ஊரு: எனக்கு ஆறு, விரலுக்கு எட்டு, உனக்கு ஒன்பது. சேத்தியாத்தோப்பு எட்டு எழுத்து, உனக்குப் பதினாறு. உன் கணக்குல போனா நம்ம மாவட்டமே நீளமான வரின்னு சொல்லி ஒதுக்கிடுவாங்க. எழுத்தை எழுத்தா எண்ணிக் குடுக்க உலாவியிலேயே இன்டல்.செக்மென்டர்னு ஒரு கருவி இருக்கு. கேட்டா குடுக்கும்.

'கொள்ளிடம்' கதை அதைவிட மோசம். 'கொ'வை ஒரே குறியாவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா அடுத்தடுத்தும் வைக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, தேடுற நிரலுக்கு வேற வேற. பழைய கோப்புல இருந்து நான் ஒட்டினதுல ரெண்டாவது வகை இருந்திருக்கு. உன் தேடல் "கொள்ளிடம் இந்தக் கட்டுரையில் இல்லை"ன்னு சொல்லிச்சு. கொள்ளிடம் கட்டுரையில! சேமிக்கும்போது மீடியாவிக்கி அதை ஒரே வகையா மாத்திடும், ஒத்துக்கிறேன். உன் ஸ்கிரிப்டு ஓடுறது சேமிக்கிறதுக்கு முன்னாடில்ல? ஒட்டுற நேரத்துல நின்னு 'நார்மலைஸ்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீர்ந்துச்சு.

இப்போ சர்க்கரைக்கு வா. இதை நான் டீக்கடையில எத்தனை பேருகிட்ட சொல்லிச் சிரிச்சேன்னு உனக்குத் தெரியாது. வீராணம் கட்டுரையில 'கரை'ன்னு வர்ற இடத்துலயெல்லாம் 'ஏரிக்கரை'ன்னு மாத்தணும்னு கேட்டேன், நீயும் ஒரு பொத்தான் செஞ்சு குடுத்தே. அமுக்கினேன். சேத்தியாத்தோப்புல எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைன்னு ஒண்ணு இருக்குல்ல? அது 'சர்க்ஏரிக்கரை ஆலை' ஆயிடுச்சு. ஏற்கெனவே சரியா இருந்த 'ஏரிக்கரை' எல்லாம் 'ஏரிக்ஏரிக்கரை'. அக்கறையா எழுதினதுல றகரம் இருந்ததால அது மட்டும் தப்பிச்சுது. றகர ரகர வேறுபாடு வேணாம்னு சொல்றவங்களுக்கு இதைச் சாட்சியாக் காட்டலாம். நடந்தது இதுதான்: ஜாவாஸ்கிரிப்ட்ல சொல் எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு பார்க்கிற பழைய குறி இங்கிலீஷ் எழுத்தை மட்டும்தான் எழுத்துன்னு மதிக்கும், தமிழ் அதுக்கு வெறும் இடைவெளி மாதிரி. அது வேலைக்கு ஆகலைன்னதும் நீ எல்லையே பார்க்காம வெட்ட ஆரம்பிச்சுட்டே. யூனிகோடு முறையில 'முன்னாடி ஒரு எழுத்து நிக்குதா'ன்னு பார்க்க வழி இருக்கு. ஆனா எழுத்தை மட்டும் பார்த்தாப் பத்தாது மாப்ள. 'சர்க்கரை'யில கரைக்கு முன்னாடி நிக்கிறது புள்ளி. புள்ளி அவங்க கணக்குல எழுத்து இல்லை, குறி. ரெண்டையும் பார்த்தாத்தான் சர்க்கரை தப்பிக்கும்.

இதைக்கூட நான் கன்ட்ரோல் 'இசட்' போட்டுப் பழையபடி ஆக்கியிருப்பேன். போட்டேன். ஒண்ணும் ஆகலை. நீ பெட்டியில இருந்த மொத்த எழுத்தையும் எடுத்து, மாத்தி, மொத்தமா திரும்ப ஊத்தியிருக்கே. அப்படி ஊத்தினா உலாவி பழசையெல்லாம் மறந்துடும். கர்சரும் கடைசிக்கு ஓடிடும். நம்ம பக்கத்துக்கு ஏட்டைத் தொலைச்சுட்டுத் தேடுறது ஆயிரம் வருஷப் பழக்கம்தான். தில்லைக் கோயில் அறையில செல்லரிச்சது போக மிஞ்சின தேவார ஏட்டைத் தேடி எடுத்தவர்னு சொல்லுற நம்பியாண்டார் நம்பிக்குத் திருநாரையூர். நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிக்குக் காட்டுமன்னார்கோயில். ரெண்டு பேருமே நம்ம தாலுகா. அந்தப் பழக்கத்தை நீ ஒரு பொத்தானுக்குள்ள அடக்கியிருக்கேன்னா திறமைதான். இனிமே பெட்டியை நேராத் தொடாதே. 'டெக்ஸ்ட்செலக்‌ஷன்'னு மீடியாவிக்கியே ஒரு வழி வச்சிருக்கு. தேர்ந்தெடுத்த இடத்தை மட்டும் மாத்தும். நிறம் காட்டுற கோட்மிரர் போட்டிருக்கிறவனுக்கு அது இல்லாம முடியவே முடியாது. அவன் பார்க்கிற பெட்டி வேற, நீ கையை விடுற பெட்டி வேற.

வேர்ட்பிரஸ்காரன் ஹூக்குல ரெண்டு வகை வச்சிருக்கான்: ஒண்ணு, நேரம் வந்ததும் கூப்பிட்டு வேலை வாங்குறது, இன்னொண்ணு, உன் கையில எழுத்தைக் குடுத்து, வடிகட்டித் திருப்பிக் குடுன்னு கேக்குறது. ரெண்டாவதுல திருப்பிக் குடுக்க மறந்தா கட்டுரையே காணாமப் போகும். கைமாத்து வாங்கினா திருப்பித் தர்ற பழக்கம் உனக்கு இல்லைங்கிறதால அந்தப் பக்கம் போகாதேன்னு சொல்றேன். பல பேரு ஒரே நேரத்துல எழுதுற ஈதர்பேட்ல, விசை நிகழ்வுக்கு ஹூக்கு போட்டவன் 'ஆமா, நான் பார்த்துக்கிட்டேன்'னு சொன்னா மட்டும்தான் மத்தவன் ஒதுங்குவான். பார்க்காமலே பார்த்துக்கிட்டேன்னு சொல்லிடாதே, அதுவும் உனக்குக் கைவந்த கலை.

கடைமடையை மறந்துடாதே. நீ பெரிய திரையில ஓட்டிப் பார்க்கிறே. டெஸ்க்டாப் தோற்றத்தை வச்சுக்கிட்டுப் போன்லயே தொகுக்கிற பசங்க இருக்காங்க. ஆண்ட்ராய்டு விசைப்பலகையில பெரும்பாலும் எந்த எழுத்தை அமுக்கினாலும் கீடவுன்ல 229-ன்னு ஒரே எண்தான் வரும். 'க'வுக்கும் 229, 'ழ'வுக்கும் 229. விசையை நம்பி நீ கட்டினது எதுவும் அங்க எட்டாது. அதோட, அடிச்சுக்கிட்டு இருக்கிற சொல்லு அடிக்கோடோட தொங்கிக்கிட்டு இருக்கும், இன்னும் முடியலைன்னு அர்த்தம். அந்த நேரத்துல நடுவுல புகுந்து திருத்தினா சொல்லு ரெட்டிக்கும், இல்லைன்னா பாதி போகும். முடிஞ்சதுன்னு சொல்ல 'காம்போசிஷன்எண்ட்'னு ஒரு நிகழ்வு வரும். அது வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லு.

கடைசியா ஒண்ணு, இது விளையாட்டுப் பேச்சு இல்லை. என் காமன்.ஜேஎஸ் பக்கத்துல ஒட்டுறது என் பேர்ல ஓடும். நான் செய்யக்கூடியது எல்லாத்தையும் அது செய்யும்: திருத்தும், நீக்கும், வம்பு இழுக்கும், கீழே கையெழுத்து என்னோடது. உன் ஸ்கிரிப்டுல நடு வரியில வேற எங்கயோ இருந்து இன்னொரு ஸ்கிரிப்டை இழுத்துக்கிட்டு வர்றே. அதுல என்ன இருக்குன்னு கேட்டா, எல்லாத்தையும் நசுக்கி ஒரே வரியா வச்சிருக்கான். சிதம்பர ரகசியத்துலயாவது திரையை விலக்கினா தங்க வில்வ மாலை தெரியும். இதுல திரையை விலக்கினா இன்னொரு திரை. தளம் முழுக்க ஓடுற ஸ்கிரிப்டை 2018-ல இருந்து இடைமுக நிர்வாகிங்க மட்டும்தான் தொடலாம்னு விக்கிப்பீடியாவே பூட்டு போட்டுடுச்சு. மதகுச் சாவி எல்லார் இடுப்புலயும் தொங்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ யாரோ ஒருத்தன் குடுத்ததை உன் மாமன் இடுப்புல சொருகிட்டுப் போயிட்டே.

அதனால நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உன் ஸ்கிரிப்டை என் பக்கத்துல இருந்து எடுத்தாச்சு. நீ உன் பக்கத்துல வச்சுக்க. மணல்தொட்டிக்குப் போ, 'கீழணை, கொள்ளிடம், சிதம்பரம், சேத்தியாத்தோப்பு கூட்டுறவு சர்க்கரை ஆலை' இவ்வளவையும் தமிழ்99-ல ஒரு தடவை அடி, எழுத்துப்பெயர்ப்புல ஒரு தடவை அடி, போன்ல ஒரு தடவை அடி, பழைய கோப்புல இருந்து ஒட்டியும் பாரு. நாலுலயும் ஒரு புள்ளி பிசகாம வந்தாக் கொண்டா, மாட்டிக்கிறேன். தமிழ்99 தெரியாதுன்னு சொல்லாதே, நாளைக்குக் காலையில வா, நானே சொல்லித் தர்றேன்.